இடது பக்கத்து வாசல்

தப்பாகத்தான் சொல்லப் போகிறேன். நான்தான் ஈரிதழ் வால்வு. இடது ஆரிக்கிளில் இருந்து வரும் ரத்தத்தை இடது வெண்ட்ரிக்கிளுக்குள் விடுவேன், திரும்பிப் போக விடமாட்டேன். பாடத்துக்காக டீச்சர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எனக்கு மட்டும் அந்த ஆரிக்கிளும் வெண்ட்ரிக்கிளும் வாய்க்குள் இடம் மாறி இடம் மாறி உட்காருகின்றன. ஆரிக்கிள் மேலே. மாடி. வெண்ட்ரிக்கிள் கீழ்வீடு. மாடியில் இருந்து கீழே இறங்குகிற இடத்தில் ஒரு கதவு, அந்தக் கதவு நான். ஒரு இதழ் நான், இன்னொரு இதழ் எதிரில் நிற்கிற அனிஷ்மா. இந்த இடத்தில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம், வேப்பிலைக்குள் படுத்துக் கிடக்கிறாளாம். நான் பாட்டுக்குச் சத்துணவுக் கூடத்தில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜெபக்கனி டீச்சர் வாசலில் வந்து நின்று, "உலகக்கா, சோறு வடிச்சாச்சில்ல? செத்த இங்க வாங்களேன், ஒரு வாசலுக்கு ஆள் இல்ல" என்றார். சமையல்காரி பூமணி, "போ போ, நாங் கெளறிக்கிடுதேன், நீ போயி டீச்சராவு" என்று சிரித்தாள். எந்த வாசல் என்று கேட்டுக்கொண்டே கை கழுவினேன். டீச்சர் இடது பக்கத்து வாசல் என்றார். தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது, நான் குழாயை மூட மறந்துவிட்டேன். நாலு வாசல் இருக்கிறது இந்த இதயத்தில். மூன்றுக்கு ஆள் இருந்து, இந்த ஒன்றுக்கா ஆள் இல்லாமல் போக வேண்டும். யாராவது என்னிடம் எதையாவது கண்டுபிடித்துவிட்டார்களோ என்று டீச்சர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர் பாட்டுக்குச் சாக்பீஸ் தூசியைச் சேலையில் தட்டிக்கொண்டு நடந்தார். என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா. உதடு நீலமாக இருக்கும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாள். காலையில் கண்ணாடியில் பார்த்தேன், எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது, என் உதடு எப்போதுமே கறுப்புத்தான்.

இந்த இதயத்தை வரைந்ததும் நான்தான். அதுவும் ஒரு பயம். தப்பு வந்தால் யார் வரைந்தது என்று கேட்பார்கள். காலையில் பிரேயருக்கு முன்னால் டீச்சர் ஒரு குச்சியால் மைதானத்து மண்ணில் கீறிக் காட்டினார், இங்கே வளைச்சு வாங்க, இங்கே நாலு ரூம், இங்கே இங்கே இங்கே வாசல் விட்ருங்க. மார்கழிக்குத் தெரு அடைத்துக் கோலம் போடுகிறவள், எனக்கு இது ஒரு வேலையா என்றுதான் மாவுக் கிண்ணத்தை எடுத்தேன். வலது பக்கத்து அறைகளுக்குச் சுற்றிலும் நீலப் பொடி, இடது பக்கத்துக்குக் காவி. ரெண்டு பக்கமும் நிற்கிற வேப்பமரங்கள்தான் நுரையீரல், அங்கேதான் காற்று. பள்ளிக்கூட வராந்தாதான் உடம்பு. பிள்ளைகள்தான் ரத்தம். வராந்தாவில் இருந்து நீல பலூனோடு வருவார்கள், வலது பக்கம் மேலே நுழைந்து கீழே இறங்கி, வேப்பமரத்தடிக்குப் போய் நீல பலூனைக் கொடுத்துச் சிவப்பு பலூன் வாங்கிக்கொண்டு, இடது பக்கம் மேலே வந்து, என் கதவு வழியாகக் கீழே இறங்கி, பெருந்தமனி வழியாக மறுபடி வராந்தாவுக்கு. நீலம் கெட்ட ரத்தம், சிவப்பு நல்ல ரத்தம் என்று நான் சொன்னதற்கு டீச்சர், "கெட்டதுன்னு ஒண்ணு இல்லக்கா, காத்துப் பத்தாத ரத்தம், அம்புட்டுத்தான்" என்றார். காற்றுப் பத்தாத ரத்தம். கையில் இருந்த நீலப் பொடியைப் பார்த்தேன். ஏன் பலூன். ரிப்பன் கட்டக் கூடாதா, பூக் கொடுக்கக் கூடாதா, வேறு எதுவுமே கிடைக்கவில்லையா இந்த டீச்சருக்கு. குனிந்து குனிந்து வரையும்போதே மூச்சு இரைத்தது. பாதியில் எழுந்து கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ யோசிக்கிற மாதிரி நின்றேன். போன மார்கழியில் இப்படி இல்லை. போன மார்கழியிலும் இருந்தது, வாயு என்று நினைத்தேன். வீட்டுக்காரருக்கு இன்னமும் அது வாயுதான். மர மில்லில் இருந்து வரும்போது ஓம வாட்டர் வாங்கி வருகிறார். ராத்திரி தலையணை மேல் தலையணை வைத்து உட்கார்ந்த மாதிரி தூங்குகிறேன், "என்ன இவ, சாமி ஊர்வலத்துக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருக்கா" என்று கேலி செய்வார். நானும் சிரிப்பேன். சிரித்தால் இருமல் வரும்.

இப்போது வாசலில் வந்து நின்ற பிறகுதான் பார்க்கிறேன். வாசல் சின்னதாக இருக்கிறது. மற்ற வாசல்களில் ரெண்டு பிள்ளைகள் தோளோடு தோள் உரசிப் போகலாம். இதில் ஒரு பிள்ளை, அதுவும் ஒருக்களித்துத்தான் போகும். எப்படி இப்படிப் போட்டேன். டீச்சர் கீறியபடி அகலமாகத்தான் விட்டேன், நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் காவிக் கரை இழுக்கும்போது கை தானாகப் போய் மூடியிருக்கிறது. கோலத்தில் கோட்டைத் திறந்து விடக் கூடாது, இழுத்த இழை சுற்றி வந்து சேர வேண்டும், திறந்திருந்தால் வீட்டில் உள்ளது வெளியே போய்விடும் என்று சின்னப் பிள்ளையில் இருந்து பழகின கை. மனசு வேறு எங்கேயோ இருந்திருக்கிறது, கை மூடிக்கொண்டே வந்திருக்கிறது, கடைசியில்தான் திடுக்கிட்டு நிறுத்தியிருக்கிறேன். வேறு எந்த வாசலிலும் செய்யவில்லை. இதில் மட்டும். சொல்லிவிடலாமா. டீச்சர், வாசல் சின்னதாகப் போச்சு. விளக்குமாறு எடுத்து வந்து கூட்டிவிட்டு மறுபடி போடலாம். ஆனால் பிள்ளைகள் வரிசையாக நிற்க ஆரம்பித்துவிட்டார்கள், டீச்சர் என் கூடத்துத் தட்டையும் கரண்டியையும் கையில் எடுத்துவிட்டார். காலால் அழிக்கலாம். கோலத்தைக் காலால் அழிப்பதா. அதுவும் இன்றைக்கு, அதுவும் ஒரு இதயத்தை. எதிரில் அனிஷ்மா புளியங்கொட்டையை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "ஆயாம்மா, பேயறஞ்ச மாதிரி நிக்கீங்க. மறந்துட்டா எம் மொகத்தப் பாருங்க, நாஞ் சொல்லித் தாரேன்" என்கிறாள். நல்ல பிள்ளை. தட்டில் ரெண்டாவது தடவை சோறு கேட்க வெட்கப்படாத பிள்ளை.

சின்ன வாசல். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாள். பெரியாஸ்பத்திரியில் ஒரு இருட்டு அறை. நெஞ்சில் சில்லென்று ஒரு பசையைத் தடவி, இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினாள். சத்தம் வந்தது, ஈரத் துணியை யாரோ கல்லில் அடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. அது என் சத்தமா என்று கேட்டேன். உங்க சத்தம்தாம்மா என்றாள். திரையைத் திருப்பி, "இந்தா பாருங்க, இதுதான் கதவு. ரெண்டு இதழும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு. முழுசாத் தொறக்கல" என்றாள். பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒன்று திறந்து திறந்து மூடியது, கரையில் போட்ட மீனின் வாய் மாதிரி. தண்ணீர் இல்லாமல் மீன் வாயைத் திறக்குமே, அது மாதிரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டாள். வந்தது. ஏழாம் வகுப்பில். ஒரு முட்டி வடிந்தால் இன்னொரு முட்டி வீங்கும். அப்பா சைக்கிள் கேரியரில் வைத்து ஊசிக்குக் கூட்டிப்போவார், பள்ளிக்கூடம் நின்றது, அப்புறம் முட்டி சரியாகிவிட்டது, ஊசியும் நின்றது. சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அது முட்டியில் இருந்து மெல்ல ஏறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, இத்தனை வருஷம், நான் கல்யாணம் முடித்து, தண்ணீர்க் குடம் சுமந்து, சோற்றுப் பானை இறக்கி, எல்லாம் செய்துகொண்டிருக்கும்போது அது உள்ளே உட்கார்ந்து கதவை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டரம்மா ஒரு சின்னப் பெண்தான், என் தங்கச்சி மகள் வயதுதான் இருக்கும். நெஞ்சைக் கிழிக்க வேண்டாம் என்றாள். தொடையில் ஒரு ஊசித் துளை போட்டு, அது வழியாக மெல்லிசாக ஒரு குழாய், அதன் நுனியில் சுருங்கின பலூன், அதை இதயத்துக்குள் கொண்டுபோய்க் கதவுக்கு நடுவில் வைத்து ஊதுவோம் என்றாள். அதற்கு அப்புறம் அவள் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. என் காதில் எதுவும் விழவில்லை. பலூனா. இதயத்துக்குள் பலூனா. ஊதினால் வெடிக்காதா. வெடித்தால் எங்கே வெடிக்கும். தள்ளிப் போடாதீங்க, தண்ணி நுரையீரல்ல தேங்க ஆரம்பிச்சிட்டு, வர்ற திங்கக்கிழமை காலைல வந்து அட்மிட் ஆயிருங்க என்று வெளியே வரும்போது சொன்னாள், அது மட்டும் கேட்டது. இன்றைக்குத் திங்கட்கிழமை. இப்போது வெயில் வேப்பமரத்துக்கு மேலே ஏறிவிட்டது. அங்கே ஒரு கட்டிலில் விரிப்பு விரித்து வைத்திருப்பார்கள். நர்ஸ் உலகம்மாள், உலகம்மாள் என்று கூப்பிட்டுப் பார்த்திருப்பாள். நான் இங்கே இதயத்துக்குள் நிற்கிறேன்.

டீச்சர் தட்டில் ஓங்கி ஒரு அடி. லப். நானும் அனிஷ்மாவும் கையோடு கை சேர்த்துக் கதவை மூடுகிறோம். சின்னதாக ஒரு அடி. டப். கையை விலக்குகிறோம். லப் என்றால் மூடணும், டப் என்றால் திறக்கணும். லப் மூடு. டப் திற. மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஒரு தடவை மாற்றிச் செய்துவிட்டால் ரத்தம் பின்னால் போய்விடும், டீச்சர் அப்படித்தான் சொன்னார். நீல பலூன் பிள்ளைகள் வலது பக்கம் இறங்கி வேப்பமரத்துக்கு ஓடுகிறார்கள். சிரிப்பும் கத்தலும். நெஞ்சுக்குள் என்னுடைய தட்டும் அடிக்கிறது, டீச்சருடைய தட்டை விட வேகமாக, ரெண்டும் சேரவே இல்லை, எந்தத் தட்டுக்கு நான் கையைத் திறப்பது. முதல் சிவப்பு பலூன் வருகிறது. ஷமீமா. ஒருக்களித்து நுழைகிறாள். டப், இன்னொருத்தி. டப், இன்னொருவன், பலூன் அனிஷ்மாவின் முழங்கையில் உரசிக் கீச்சென்கிறது, என் பல்லெல்லாம் கூசுகிறது. அதற்குள் பின்னால் கூடிவிட்டார்கள். மாடி நிறைந்துவிட்டது. வேப்பமரத்தடியில் இருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள், உள்ளே இறங்க வழியில்லை. தள்ளாதல. யாருல தள்ளுதது. சங்கிலி என்கிற பையன், வகுப்பிலேயே வாயாடி, பலூனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "ஆயாம்மா, கதவ நல்லாத் தொறங்க! சோறு போடும்போதும் இப்பிடித்தான் கரண்டியப் புடிச்சுக்கிட்டுப் போடுவாங்க!" என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். லேய், ஆயாம்மாவ ஏன்ல சொல்லுத என்று அனிஷ்மா சண்டைக்குப் போகிறாள். கூட்டம் பின்னால் நீண்டு நீண்டு வேப்பமரத்தடி வரைக்கும் போய்விட்டது. மரத்தடியில் பலூன் மாற்றிக் கொடுக்கிற பிள்ளை, "டீச்சர், இங்க எடமே இல்ல, நிக்க முடியல" என்று கத்துகிறாள். நிற்க முடியவில்லை. எனக்கும் நிற்க முடியவில்லை. அத்தனை முகமும் என்னைப் பார்த்துக்கொண்டு, அத்தனை பலூனும் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டு, வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குள் போகிறது. அப்போது ஒன்று வெடிக்கிறது. என் காதுக்குப் பக்கத்தில். நான் கத்திவிட்டேன். கத்தினது நான்தானா. கையை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன். பிய்ந்த சிவப்பு ரப்பர் ஒன்று என் சேலைக் கொசுவத்தில் ஒட்டியிருக்கிறது, அதை எடுத்துப் போடவும் கை வரவில்லை.

டீச்சர் தட்டு அடிப்பதை நிறுத்திவிட்டு வருகிறார். திட்டப் போகிறார், யார் இப்படி வரைந்தது என்று கேட்கப் போகிறார். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம். "அப்படியே நில்லுங்க பிள்ளைகளா, யாரும் அசையக் கூடாது. இப்ப என்ன ஆச்சுன்னு பாருங்க. இந்த வால்வு சுருங்கிப் போச்சு. இது சுருங்கினா ரத்தம் எங்க தேங்கும்?" பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். இடது ஆரிக்கிள்ல டீச்சர். "அது நெறஞ்சிட்டா?" அதுக்குப் பின்னால. "பின்னால எது?" வேப்பமரம் டீச்சர் என்கிறான் சங்கிலி. "மரமாம்ல மரம். அது என்ன?" நுரையீரல் டீச்சர்! "நுரையீரல்ல தேங்கினா மனுசனுக்கு எப்படி இருக்கும்?" மூச்சு முட்டும் டீச்சர்! எல்லாரும் சேர்ந்து, வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. மூச்சு முட்டும். நடந்தா இரைக்கும் டீச்சர். படுக்க முடியாது டீச்சர், எங்க பெரியப்பா உக்காந்துக்கிட்டேதான் தூங்குவாரு. இருமல் வரும் டீச்சர். என் தலையணை, என் இருமல், கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள், யார் சொன்னது இவர்களுக்கு, வீட்டுக்காரருக்குத் தெரியாதது, பூமணிக்குத் தெரியாதது, இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் வாசலைப் பார்க்கிறார்கள். ஷமீமா கை தூக்குகிறாள். "டீச்சர், அதச் சரி பண்ணாம அப்பிடியே விட்டுட்டா, கடைசில என்ன ஆகும்?" டீச்சர் வாயைத் திறக்கிறார். சொல்ல வேண்டாம். இது மட்டும் சொல்ல வேண்டாம். டாக்டரம்மாவிடம் கேட்காமலே விட்டுவிட்டு வந்த கேள்வி இதுதான், இதைக் கேட்கக் கூடாதென்றுதான் இன்றைக்கு விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இந்தச் சோற்றுப் பானைக்கு ஓடி வந்தேன். டீச்சர் வாயில் இருந்து முதல் எழுத்து வருவதற்கு முன்னால் என் கால் போய்விட்டது. வலது கால். செருப்பில்லாத கால். காவிக் கரையை ஒரு இழுப்பு, வெள்ளைக் கோட்டை இன்னொரு இழுப்பு. பொடி பெருவிரலுக்கு மேலே பறந்தது. பிள்ளைகள் ஐயோ கோலத்த அழிச்சிட்டாங்க என்றார்கள். அழித்துக்கொண்டே இருந்தேன், அகலமாக, மற்ற வாசல்களை விட அகலமாக. முன்னால் நின்றவர்கள் தாமாகவே இறங்க ஆரம்பித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, அப்புறம் ரெண்டு ரெண்டாக, அப்புறம் ஓட்டமாக. சிவப்பாகக் கொட்டியது என் ரெண்டு பக்கமும். வேப்பமரத்தடி காலியானது. அங்கே நின்ற பிள்ளை கையை வீசிக் காற்று வாங்கினாள்.

"சூப்பர் உலகக்கா" என்று டீச்சர் கை தட்டினார். "இப்ப ஒங்களப் பத்திச் சொல்லுங்க. நீங்க யாரு?" இதுதான். இப்போதுதான். அனிஷ்மா வாயை அசைத்துக் காட்டுகிறாள், ஈ, ரி, தழ். நான் ஈரிதழ் வால்வு என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமா ஆயாம்மா என்றான் சங்கிலி. நான் ஈரிதழ் வால்வு. இடது மாடியில் இருந்து. இல்லை, இடது. இடது. எல்லாம் போய்விட்டது. ஆரிக்கிளும் இல்லை, வெண்ட்ரிக்கிளும் இல்லை, அந்த மீன் வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. "எனக்குச் சரியாத் தொறக்க வரல" என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "ரெண்டும் ஒட்டிக்கிடுச்சு. பலூன் வச்சு ஊதணுமாம். இன்னைக்கு வரச் சொன்னாவ. நாம் போகல." அப்போதும் பின்வரிசையில் சிரிப்பு இருந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அனிஷ்மா என் கையை விடாமல் பிடித்திருந்தவள், "டீச்சர், ஆயாம்மா கை ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள். சிரிப்பு முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் நின்றது. சங்கிலி தூக்கிப் பிடித்த பலூனை மெதுவாகக் கீழே இறக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். தப்பாகத்தான் சொல்லிவிட்டேன். கடைசியாகச் சொன்னது எதுவும் எழுதிக் கொடுத்ததில் இல்லை.

ஆட்டோ பள்ளம் மேடு பார்க்காமல் போகிறது. எனக்கு இந்தப் பக்கம் டீச்சர். ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் வீட்டுக்காரர் வந்து நிற்பார், போனில் டீச்சர் சொன்னதும் "வாயுன்னுல்லா சொன்னா" என்றாராம். என் மடியில் ஒரு சிவப்பு பலூன் இருக்கிறது. ஆட்டோ கிளம்பும்போது அனிஷ்மா திறந்த பக்கமாக நீட்டினாள், வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது குதிக்கிறது. கம்பியில் உரசுகிறது. இப்போது வெடிக்கும். இல்லை, அடுத்த பள்ளத்தில். "டாக்டர் வேற என்ன சொன்னாங்கக்கா?" என்றார் டீச்சர். ஊதுவோம்னாங்க என்றேன். "ஊதினதுக்கு அப்புறம்?" அப்புறம் எங் காதுல விழல டீச்சர். "எனக்கும் சரியாத் தெரியலக்கா. பாடத்துல அது இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம், நீங்க காதப் பொத்திக்கிட்டாலும் நாங் கேக்கேன்" என்றார். அவர் எனக்குத் தைரியம் ஒன்றும் சொல்லவில்லை. பயம் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரி முனை திரும்பும்போது ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறியது, பலூன் என் முகத்தில் வந்து மோதியது. இனிமேல் தாங்காது என்று தோன்றியது. அதன் கழுத்தில் சுற்றியிருந்த நூலை நகத்தால் நெருடித் தேடினேன். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ரெண்டு விரலால் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமாக, கொஞ்சமே கொஞ்சமாக விட்டேன். காற்று உள்ளங்கையில் பட்டு வெளியே போனது, யாரோ பிள்ளை விட்ட மூச்சு, வெதுவெதுப்பாக. அது சின்னதாகி, இன்னும் சின்னதாகி, சுருங்கி என் விரலுக்குள் வந்து படுத்துக்கொண்டது. வெடிக்கவில்லை. அதை முந்தானையில் வைத்து முடிந்துகொண்டு, டீச்சர் கையைப் பிடித்து, ஆட்டோவை விட்டு இறங்கினேன்.